அறிவிப்புப் பலகையில் டயர் கடை ரசீது

ஜனவரி 6

அன்புத் தங்கச்சி கேள்விக்குறிக்கு,

நானும் உன் அண்ணியும் கடையும் கடை வாசலில் நிற்கும் லாரிகளும் சௌக்கியம். உன் சளி எப்படி இருக்கிறது?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன்னை உள்ளே அனுப்பிவிட்டு விமான நிலைய வேலிக்கு வெளியே நின்றேன். விமானம் மேலே ஏறியதும் துண்டை எடுத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அழவும் செய்தேன். பக்கத்தில் நின்றவர், "யாருங்க போறது?" என்றார். "என் தங்கச்சி, விஞ்ஞானி" என்றேன். "அது சரக்கு விமானமாச்சே, அதுல ஆள் ஏத்த மாட்டாங்களே" என்றார். உன் விமானம் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் போய்விட்டதாம். யாரோ வாங்கிய சரக்குக்காக அழுதுவிட்டு வீடு வந்தேன். இன்னொரு தரம் அழத் தெம்பு இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு லாரி டிரைவரிடம், இயற்பியல் ஆராய்ச்சி மையத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அங்க என்ன செய்வாங்க?" "யோசிப்பாங்க." "அதுக்குப் பணம் வேற கொடுக்கறாங்களா?" "கொடுக்கறாங்க." அந்த லாரி டிரைவர் வெகுநேரம் யோசித்தார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

போன் பண்ணாதே. ஐந்து நிமிஷம் பேசினால் ஒரு நல்ல டயர் விலையாம், அண்ணி விசாரித்துவிட்டாள். கடிதம் எழுது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பழைய சளி ஊரிலேயே நின்றுவிட்டது, இங்கே புதிதாக ஒன்று பிடித்திருக்கிறது. உன் முழங்கால் வலிக்கும் அண்ணியின் கண்ணுக்கும் மருந்து போடுகிறீர்களா?

மலைச்சரிவில் ஒரு நீளமான கட்டடம், அதுதான் மையம். என் அறையில் மூன்று மேஜைகள், மூன்று நாடுகள். ஜன்னல் பக்கம் நான். கதவுப் பக்கம் ஒருவர் இருக்கிறார். நிற்கும்போது விளக்குக்கு அருகில் அவர் தலை இருக்கும். மனதுக்குள் நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருடைய கல்லூரியில் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் மின்சாரமாம். மூன்றாவது மேஜைக்காரர் இன்னும் வரவில்லை. நடைவழி முழுக்கக் கரும்பலகைகள். கழிவறைக்குப் போகிறவரைக்கூட நிறுத்தி, கையில் சாக்கட்டியைக் கொடுத்து, "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சொர்க்கம்.

சின்ன நாட்டில், சின்னக் கல்லூரியில், பேச்சுத் துணை இல்லாமல் இயற்பியலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இதை நடத்துகிறார்கள். ஆறு மாதம் வா, படி, நாலு பேரோடு வாதாடு, பிறகு உன் ஊருக்கே திரும்பிப் போ. இவ்வளவுதான் ஏற்பாடு. யாரையும் இங்கேயே நிறுத்திக்கொள்வதில்லை. அவரவர் ஊரில் நிலைக்க வேண்டும் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மே மாதம் எல்லார் முன்னாலும் என் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் நான் பேச வேண்டும். காந்தத்தைச் சூடேற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது காந்தமாக இருப்பதை மறந்துவிடும். அந்தக் கட்டத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பதினோரு வருஷமாக என் தலைவலி.

நம் மொழி பேச இங்கே ஒருவரும் இல்லை. கனவில்தான் பேசுகிறேன்.

ஒரு உதவி செய். அடுத்த வருஷத்துக்கு இயற்பியலில் பத்து பேராவது சேராவிட்டால் துறையை மூடிவிடுவேன் என்று என் கல்லூரி முதல்வர் நான் கிளம்பும்போதே சொன்னார். மே கடைசி வரை விண்ணப்பம் வாங்குவார்கள். இதுவரை எத்தனை வந்திருக்கிறது என்று போய்க் கேட்டு எழுது. திரும்பி வர எனக்கு ஒரு துறை இருக்க வேண்டும் அண்ணா.

உன் தங்கை

*

பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து எல்லாரும் நெட்டையின் சௌக்கியத்தை விசாரித்தோம். தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். என் முழங்கால் அப்படியே இருக்கிறது, போகச் சொன்னால் போகவில்லை.

இங்கே செய்தி ஏராளம். அண்ணி புதுக் கண்ணாடி போட்டுவிட்டாள். போட்டதும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "இவ்வளவு நாளா இப்படியா இருந்தீங்க?" என்றாள். உன் ஜன்னல் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன், நான் ஊற்றியது தெரியாமல் அண்ணியும் ஊற்றுகிறாள். அது இப்போது ஒரு குளம். கடைக்குக் காற்று அடிக்கும் புது மிஷின் வாங்கினேன். முதல் நாளே என் தொப்பியைப் பறக்கவிட்டது. எதிர்க்கடைச் சலவைக்காரர் என் வெள்ளைச் சட்டையை நீலமாக்கிவிட்டு, நீலம் எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சாதிக்கிறார்.

முதல்வரைப் பார்க்கப் போனேன். அவர் வெளியூர் போயிருக்கிறாராம்.

நீ காந்தத்தைப் பார். மற்றதை எல்லாம் விட்டுத்தள்ளு.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். சளியும் போய்விட்டது. அண்ணியின் கண்ணாடிக்கு என் அனுதாபங்கள்.

தொப்பி, சட்டை, செடி எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் இல்லை. நம் முதல்வர் இருபது வருஷமாக மாமியார் வீட்டுக்குக்கூட வெளியூர் போகாதவர்.

எத்தனை பேர் அண்ணா? இரவெல்லாம் கணக்குப் போட உட்கார்ந்தால் காகிதத்தில் காந்தம் வருவதில்லை, பூட்டுப் போட்ட கதவுதான் வருகிறது. நெட்டை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "தெரியலை. தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றேன்.

உடனே எழுது.

தங்கை

*

மார்ச் 8

இயற்பியல் மையத்து முதலாளி ஐயா அவர்களுக்கு,

டயர் கடைக்காரன் எழுதும் வணக்கம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டதால் கடை ரசீதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். இத்தனை தேசத்து ஆட்களை வைத்து மேய்க்கிறவர் நீங்கள், எங்கள் எழுத்தும் தெரிந்திருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் தங்கச்சி உங்களிடம் இருக்கிறாள். யார் பேசினாலும் நடுவில் புகுந்து "அது ஏன்?" என்று கேட்பாள். அவள்தான்.

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரியில் அவளுடைய துறையில் சேர இதுவரை நாலு பேர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து வேண்டும். மே மாதம் முடிந்தால் பூட்டுவார்கள். இப்போதே அந்த அறையில் பழைய நாற்காலிகளைக் கொண்டுபோய் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளோடு வேலை செய்யும் மீசை வாத்தியார் வாசலில் நின்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். ஏறினால் மே மாதப் பேச்சு போய்விடும். அந்தப் பேச்சுக்காகப் பதினோரு வருஷம் ராத்திரி விளக்கை அணைக்காமல் எங்களைத் தூங்கவிடாதவள். ஆகையால் இந்தக் கடிதம் எந்தக் காரணத்தைக் கொண்டும் அவள் கண்ணில் படக்கூடாது. படித்ததும் கிழித்துவிடவும்.

எனக்கு வேண்டியது ஒரு ஆள். உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவரை அனுப்பினால், இங்கே நின்று, இயற்பியல் என்பது இன்னது, இதைப் படித்தால் பிள்ளைகள் வீணாகப் போய்விட மாட்டார்கள் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சாப்பாடு, படுக்கை என் பொறுப்பு. அவரிடம் வண்டி இருந்தால் நாலு டயரும் மாற்றித் தருகிறேன்.

அவள் சாப்பிடுகிறாளா என்றும் பார்க்கவும். கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், நம்பாதீர்கள். அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போன மையத்துப் புத்தகத்தில் உங்கள் போட்டோவைப் பார்த்தேன். நீங்களும் கொஞ்சம் தூங்கினால் நல்லது.

இப்படிக்கு,
டயர் கடை

*

மார்ச் 10

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம். உனக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

முதல்வர் வெளியூரிலிருந்து வந்துவிட்டார். விண்ணப்பம் குவிந்து கிடக்கிறதாம். மேஜையே கண்ணுக்குத் தெரியவில்லையாம். உன் துறை அறையில் நாற்காலிகூட நிறையப் போட்டிருக்கிறார்கள், நானே கண்ணால் பார்த்தேன். நீ நிம்மதியாகக் காந்தத்தைச் சூடாக்கு.

உங்கள் மையத்து முதலாளியை எப்போதாவது பார்ப்பாயா? சும்மா கேட்டேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 22

அண்ணாவுக்கு,

நலம். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லாததால் எட்டு வாரம் எழுதவில்லை.

இங்கே டீ எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. உலகத்தின் எந்த மூலையிலிருந்து, எந்த மொழியில் கடிதம் வந்தாலும் பதில் போட வேண்டும் என்பது இயக்குநரின் கட்டளை. அலுவலகத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாவிட்டால் அதை அந்தப் பலகையில் குத்திவிட்டு, கீழே ஒரு சீட்டு ஒட்டுவார்கள்: இந்த எழுத்து யாருக்குத் தெரியும்?

நெட்டைதான் வந்து சொன்னார். "கீழ ஒரு கடிதம் குத்தியிருக்காங்க. எழுத்து நீங்க நோட்டுல எழுதறது மாதிரியே இருக்கு. மேல ஒரு சக்கரம் போட்டிருக்கு."

படியில் இறங்கும்போதே உன் கடை ரசீது தெரிந்தது. அதைச் சுற்றி ஏழு நாட்டு விஞ்ஞானிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் என்னை அறைக்குள் உட்காரவைத்தார். "ஒரு வரி விடாம சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். "இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக்கூடாது" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இந்த வரியை நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல நான் படிச்ச துறையையும் இப்படித்தான் மூடினாங்க. எனக்கு யாரும் சொல்லக்கூட இல்லை. திரும்பிப் போனப்ப சைக்கிள் நிறுத்தி வெச்சிருந்தாங்க" என்றார். கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டுத் தாளை மடித்தேன். "தாள்ல இன்னும் எழுத்து இருக்கே" என்றார். தூக்க விஷயத்தையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து மனிதர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போகிறார்.

அன்றைக்கே பையைக் கட்டினேன். நெட்டை கதவில் நின்றார், அவர் நின்றால் வழி இருக்காது. "நீங்க போனா முதல்வரோட சண்டை போடுவீங்க. நான் போனா வேடிக்கை காட்டுவேன். கூட்டம் எதுக்கு வரும்?" என்றார். பையை அவிழ்த்துவிட்டேன். அவருக்கு மே மாதம் இங்கே முடிகிறது. ஊருக்குப் போகும் வழியில் நம் ஊரில் நான்கு நாள் இறங்குவார். கூடுதல் பயணச் செலவு மையத்துடையது. ஒரு சின்ன நாட்டுக்காரரை இன்னொரு சின்ன நாட்டுக்கு அனுப்புவதும் இவர்கள் வேலைதானாம். விசாவுக்கு அலைந்து, நேற்றுத்தான் எல்லாம் முடிவானது.

மே 17ஆம் தேதி கல்லூரி மண்டபம் வேண்டும். மீசை சார் மொழிபெயர்க்கட்டும். உறுதியான உத்தரம், தடித்த கயிறு, கனமான பொருள் ஏதாவது ஒன்று வேண்டும் என்கிறார்.

விண்ணப்பம் குவிந்ததால் மேஜை தெரியவில்லை என்று எழுதினாயே அண்ணா. அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தங்கை

*

மே 4

அன்புள்ள, கோபமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சௌக்கியம் கொஞ்சம் குறைவு. இரண்டு நாள் கடையில் டயர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். நூறு தேசத்துக்காரர்கள் கூடும் இடத்தில் நம் எழுத்துக்கு நீ ஒருத்திதான் என்று நான் என்ன கண்டேன்? அதை நீ ஜனவரியிலேயே எழுதியிருந்தாய் என்று அண்ணி பழைய கடிதத்தை எடுத்துவந்து காட்டினாள். புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது என் தப்பு.

முதல்வரைப் பார்த்தேன். "வெளிநாட்டு விஞ்ஞானியா, நம்ம காலேஜுக்கா?" என்று நாற்காலியைவிட்டு எழுந்தார். "எந்தப் பெரிய நாடு?" என்றார். "நம்மளவிடச் சின்னதுங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் மண்டபம் கொடுத்தார். கூட்டம் வருமா என்பது அவருடைய சந்தேகம்.

அவருக்கு என் தொழில் தெரியாது. பஞ்சர் ஒட்டி முடிகிற வரை வண்டிக்காரர் எங்கே போக முடியும்? "உங்க வீட்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளை இருக்கா?" என்று ஆரம்பிப்பேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பஞ்சர் ஒட்ட நேரமாகும். கூட்டிவருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சக்கரத்தை மாட்டுவேன். ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. சும்மா வந்துபோகச் சொன்னேன்.

மீசை வாத்தியார் நாலு மாதத்துக்குப் பிறகு மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு வந்தார். உத்தரம் உறுதி. கனமான பொருளுக்கு ஓடித் தேய்ந்த வேன் டயர் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது உண்மை எண்ணிக்கை: ஐந்து. நாலோடு ஒன்று கூடியிருக்கிறது. இனி உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். சொன்னாலும் பிடித்துவிடுகிறாய்.

நீ நன்றாகப் பேசு. அண்ணி நெட்டைக்குக் கட்டிலை அளந்துகொண்டிருக்கிறாள், போதவில்லை.

அண்ணன்

*

மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

நேற்று என் பேச்சு முடிந்தது. முதல் வரிசையில் இயக்குநர், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார். கடைசியில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். பதினோரு வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. தெரியாது என்று சொன்னேன். கை தட்டினார்கள். அடுத்த பதினோரு வருஷத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

அதை எங்கே உட்கார்ந்து செய்வேன் என்பதுதான் தெரியவில்லை. மேடையில் நிற்கும்போது ஒரு பாதி மனசு நம் மண்டபத்தில் இருந்தது. நெட்டை அங்கே அதற்கு முதல் நாளே பேசி முடித்திருப்பார். என்ன நடந்தது? எத்தனை பேர் சேர்ந்தார்கள்? தொப்பி, சட்டை, செடி எதுவும் வேண்டாம்.

உன் தங்கை

*

ஜூன் 2

அன்புத் தங்கச்சிக்கு,

பதிமூன்று பேர்.

இதை மட்டும் எழுதி ஒட்டி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். அண்ணி பக்கத்தில் நின்று முழுவதும் எழுதச் சொல்கிறாள். உன் அறையில் அடுக்கிய நாற்காலிகளை இறக்கிப் போட்டுவிட்டார்கள், உட்கார ஆள் இருக்கிறது. துறை உண்டு என்று முதல்வர் எழுதியே கொடுத்துவிட்டார். மீசை வாத்தியார் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

நெட்டை நல்ல மனுஷர். கட்டிலுக்கு வெளியே நீண்ட காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டோம். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. மூன்று நாள் சாயங்காலமும் கடையில் உட்கார்ந்து நிறையப் பேசினோம்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப்பேர் என்னிடம் பஞ்சர் ஒட்டிக்கொண்டவர்கள். நெட்டை ஐந்து நிமிஷம் பேசுவார், மீசை வாத்தியார் அதை ஒரு வரியில் முடிப்பார். பிறகு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட என் டயரை இழுத்துவந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மூக்கில் படுகிற மாதிரி பிடித்தார். கையை எடுத்தார். டயர் மண்டபத்தின் அந்தக் கோடி வரை போய் அவர் முகத்தைப் பார்த்து வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். நாலு விரல் தூரத்தில் நின்று, திரும்பிப் போய்விட்டது. மனுஷர் இமைக்கவில்லை. "விட்ட உயரத்துக்கு மேல அது வராது. நாம கொடுக்காத பலம் அதுக்கு எங்கிருந்து வரும்?" என்று மீசை வாத்தியார் சொன்னார்.

யாரும் கை தட்டவில்லை. "கயித்துல ஏதோ வேலை பண்ணியிருக்காங்க" என்றார் ஒரு லாரி டிரைவர். "வெளியூர் ஆளுக்கு மட்டும்தான் நிக்கும் போல" என்றார் இன்னொருவர். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பேர் எழுந்து வாசலைத் தேடினார்கள். மேடை ஏறிவிட்டேன். என் டயர், என் கயிறு, என் மூக்கு, இதில் என்ன மோசடி இருக்க முடியும்?

நெட்டை என் தோளைப் பிடித்து ஒன்றையே இரண்டு தரம் சொன்னார். மீசை வாத்தியாரும், "தள்ளக்கூடாதாம், சும்மா கையை மட்டும் எடுக்கணுமாம்" என்றார். புரிந்தது என்று தலையாட்டினேன். முப்பது வருஷமாக இந்தக் கையில் வந்த எந்த டயரையும் நான் தள்ளாமல் விட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தரையில் படுத்தபடி கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அவர் தள்ளிட்டார். தள்ளினதைத்தான் அது திருப்பிக் கொடுத்துச்சு" என்றாள். லாரி டிரைவர் அப்படியானால் தள்ளாமல் விட்டால் நிஜமாகவே நிற்குமா என்று கேட்டார். பின்னால் இருந்து யாரோ, எவ்வளவு தள்ளினால் எவ்வளவு தூரம் கூட வரும் என்றார்கள். நெட்டை சாக்கட்டியை எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் வாசல் பக்கம் யாரும் போகவில்லை. கயிற்றில் வேலை எதுவும் இல்லை என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். அன்றைக்கே எட்டுப் பேர் படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தார்கள், அந்தப் பெண்தான் முதல் ஆள். என்னைச் சலவைக்காரர் தம் வண்டியில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மூக்கில் இரண்டு தையல். டயருக்குச் சேதம் எதுவும் இல்லை.

அண்ணன்